முழங்கால் ஆழக் கடலில் பட்டச் சவாரி

மொட்டை மாடியில் நின்று பட்டம் விட்டவர்களுக்கு ஒரு விஷயம் நன்றாகத் தெரியும். பட்டம் உயரே ஏறிக் காற்றும் வலுத்துவிட்டால் நூல் விரலை அறுக்கத் தொடங்கும். ஒரு தாளும் இரண்டு ஈர்க்குச்சிகளும் சேர்ந்த பொருள் இவ்வளவு பலமாக இழுக்குமா என்று வியப்பாக இருக்கும். இப்போது அந்தப் பட்டத்தின் பரப்பை 10 சதுர மீட்டராக்குங்கள். அதாவது ஒரு சிறிய அறையின் தரை அளவு. நூலுக்குப் பதில் 20 முதல் 25 மீட்டர் நீளமுள்ள நான்கு உறுதியான கயிறுகள். அவற்றின் மறுமுனையில் ஒரு மனிதர், இடுப்பில் பட்டை அணிந்து, காலடியில் ஒரு பலகையுடன் தண்ணீரில் நிற்கிறார். பட்டம் இழுக்கிறது, பலகை நீர்மேல் வழுக்கி ஓடுகிறது. கைட் சர்ஃபிங் என்று உலகெங்கும் அழைக்கப்படும் விளையாட்டு இதுதான். பட்டச் சவாரி என்று நாம் சொல்லலாம்.

பட்டத்தை வாகனமாக்கும் எண்ணம் புதியதல்ல. இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் ஜார்ஜ் போகாக் என்ற ஆசிரியர் 1826-ல் பட்டம் இழுக்கும் வண்டிக்குக் காப்புரிமை பெற்றார். சாமுவேல் கோடி என்பவர் 1903-ல் பட்டம் இழுத்த சிறு படகில் ஆங்கிலக் கால்வாயைக் கடந்தார். ஆனால் நீரில் விழுந்த பட்டத்தை மறுபடி எழுப்புவது எப்படி என்பது வெகுநாள் தீராத சிக்கலாக இருந்தது. பிரான்சைச் சேர்ந்த புரூனோ, டோமினிக் லெகெய்ன்யூ என்ற சகோதரர்கள் பட்டத்தின் விளிம்பில் காற்றடைத்த குழாயை வைத்து 1984-ல் காப்புரிமை பெற்றனர். குழாய் மிதப்பதால் பட்டம் மூழ்குவதில்லை; ஒரு கயிற்றைச் சுண்டினால் மீண்டும் எழும்புகிறது. இன்றைய பட்டங்களில் பெரும்பாலானவை இந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவை. 2024-ல் பாரிஸ் ஒலிம்பிக்கிலும் இந்த விளையாட்டு இடம் பெற்றது. போட்டிகள் மார்செய் கடலில் நடந்தன.

இந்த விளையாட்டுக்கு எப்படிப்பட்ட கடல் வேண்டும்? பெரிய அலை புரளும் திறந்த கடல் என்றுதான் பலரும் நினைப்பார்கள். கற்றுக்கொள்பவர்களோ இதற்கு நேர்மாறான இடத்தையே தேடிப் போகிறார்கள். கரைகளால் அணைக்கப்பட்டு, ஆழம் குறைந்து, ஓதம் ஏறி இறங்கும் உட்கடல்தான் அவர்களுக்கு உகந்தது. அத்தகைய இடங்களில் பேர்பெற்றது தென்னாப்பிரிக்காவின் மேற்குக் கரையில் உள்ள லாங்கபான் காயல். விழுந்தால் எழுந்து நிற்கலாம் என்பதால் அது ஆபத்தில்லாத குளம்போலத் தோன்றும். ஆனால் அங்கே காற்றுக்கு ஒரு கடிகாரமும் தண்ணீருக்கு வேறொரு கடிகாரமும் ஓடுகின்றன. இரண்டையும் சேர்த்துப் படிக்கத் தெரியாதவர், முழங்கால் ஆழத்தில் புறப்பட்டு ஆழமான கால்வாயில் போய் முடியலாம். எப்படி என்று பார்ப்போம்.

ஆறு இல்லாத காயல்

கேப் டவுன் நகருக்கு வடக்கே நூறு கிலோமீட்டருக்குச் சற்று அப்பால் சல்டானா வளைகுடா உள்ளது. அதன் தென்கோடியிலிருந்து ஒரு விரல் நீட்டியதுபோல லாங்கபான் காயல் தெற்கு நோக்கிச் செல்கிறது. நீளம் சுமார் 15 கிலோமீட்டர்; அகலம் ஏறக்குறைய 3 கிலோமீட்டர். பெரும்பகுதியில் ஆழம் ஓரிரு மீட்டர்தான். வாயிலருகே உள்ள கால்வாய்கள் மட்டும் ஆழமானவை.

இந்தக் காயலில் எந்த ஆறும் வந்து விழுவதில்லை. நாம் அறிந்த காயல்களில் ஆற்றுநீரும் கடல்நீரும் கலந்து உப்பு குறைந்திருக்கும். இங்கே முழுக்க முழுக்கக் கடல்நீரே. அதை உள்ளே கொண்டுவருவதும் வெளியே எடுத்துச் செல்வதும் ஓதம் ஒன்றுதான். காயலின் பரப்பு சுமார் 40 சதுர கிலோமீட்டர். அதில் நீர்மட்டம் ஒரு மீட்டர் உயர்ந்தாலே 4 கோடி கன மீட்டர் நீர் வந்தாக வேண்டும். ஆறு மணி நேரத்தில் வந்து, அடுத்த ஆறு மணி நேரத்தில் திரும்பிப் போகவும் வேண்டும். அமைதியான ஏரிபோலக் காணும் இடத்தில் நாளுக்கு நான்கு முறை இப்படி ஒரு பெரும் போக்குவரத்து நடக்கிறது என்பதை மனத்தில் வைத்துக் கொள்ளுங்கள்.

(இந்தக் காயலின் மேற்குக் கரையில் கிரால்பாய் என்னுமிடத்தில் 1995-ல் கல்லாகிப் போன மனிதக் காலடிச் சுவடுகள் கண்டுபிடிக்கப்பட்டன. ஏறக்குறைய 1,17,000 ஆண்டுகளுக்கு முன் ஈர மணலில் ஒருவர் நடந்து போன தடம்! அது தனிக் கட்டுரைக்குரிய விஷயம்.)

கீழ்க்கரையில் லாங்கபான் ஊர் இருக்கிறது. ஊருக்குத் தெற்கே உள்ள சிறு வளைவுக்கு ஷார்க் பே, அதாவது சுறா வளைகுடா, என்று பெயர். தாழ் ஓதத்தின்போது அங்கே தண்ணீர் இடுப்பளவுதான். சில இடங்களில் முழங்கால் அளவே. முதல் பாடம் கற்பவர்களுக்கு இதைவிட ஏற்ற வகுப்பறை கிடைப்பது அரிது.

அலை ஏன் எழுவதில்லை?

காற்று வீசும்போது அலை உண்டாகிறது என்பது எல்லோருக்கும் தெரியும். அந்த அலை வளர்வதற்குத் தூரமும் வேண்டும் என்பது அவ்வளவாகத் தெரியாது. மணிக்கு 36 கிலோமீட்டர் வேகத்தில் காற்று வீசுவதாகக் கொள்வோம். திறந்த கடலில் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தூரம் தொடர்ந்து வீசினால் 2 மீட்டருக்கு மேற்பட்ட அலைகள் எழும். அதே காற்று ஒரு கிலோமீட்டர் அகலமுள்ள நீர்ப்பரப்பின்மேல் வீசினால் சாணளவு உயரத்துக்குக்கூட அலை வளராது. காற்று நீரைத் தொட்டுத் தள்ளத் தொடங்கிய சற்று நேரத்திலேயே எதிர்க்கரை வந்துவிடுகிறது.

ஆழமும் அலைக்கு உச்சவரம்பு போடுகிறது. அலையின் உயரம் நீரின் ஆழத்தில் முக்கால் பங்கை எட்டியதும் அது உடைந்து நுரையாகிவிடும். ஆகவே அரை மீட்டர் நீரில் எவ்வளவு பெரிய புயல் அடித்தாலும் 40 சென்டிமீட்டருக்கு மேல் அலை நிற்காது. ஷார்க் பேயின் தென்புறம் தாழ்வான புதர்க்காடு. கோடையில் அங்கே தெற்குக் காற்றே மிகுதி. அது புதர்களைக் கடந்து நீர்மேல் இறங்குவதால் அலை எழுப்பப் போதிய தூரம் கிடைப்பதில்லை. வீடு, மரம், குன்று போன்ற தடைகள் இருந்தால் அவற்றின் உயரத்தைப்போல் பத்து, இருபது மடங்கு தூரம் வரை காற்று சுழன்று தடுமாறும். தாழ்ந்த புதர்கள் அவ்வளவு தொல்லை தருவதில்லை. காற்று முழுதாகக் கிடைக்க வேண்டும், அலை மட்டும் கிடைக்கக் கூடாது என்ற விசித்திரமான விருப்பம் இங்கே நிறைவேறுகிறது.

இழுப்பின் கணக்கு

பட்டத்தின் இழுவிசை காற்றின் வேகத்துக்கு நேர்விகிதத்தில் கூடுவதில்லை. வேகத்தின் இருமடிக்கு ஏற்பக் கூடுகிறது. மணிக்கு 29 கிலோமீட்டர் வேகக் காற்றில் 10 சதுர மீட்டர் பட்டம் தோராயமாக 40 கிலோ எடையை ஒத்த விசையுடன் இழுக்கிறது என்று கொள்வோம். காற்றின் வேகம் இரட்டித்து 58 கிலோமீட்டரானால் இழுப்பு 80 கிலோ ஆகாது. 160 கிலோ ஆகும். 65 கிலோ எடையுள்ளவரை அது பொம்மைபோலத் தூக்கிவிடும். காற்று நாற்பது சதவீதம் வலுத்தாலே இழுப்பு இரட்டித்துவிடும். பட்டத்தை வானில் வேகமாக வெட்டி ஆட்டினால் அது தனக்குத் தானே கூடுதல் காற்றை உண்டாக்கிக் கொண்டு இன்னும் பலமாக இழுக்கும். இதனால்தான் பட்டச் சவாரிக்காரர்கள் 7, 9, 12 சதுர மீட்டர் என்று பல அளவுகளில் பட்டம் வைத்திருப்பார்கள். காற்று கூடினால் பட்டம் சிறிதாக வேண்டும். ஆபத்து வந்தால் ஒரே தட்டில் இழுப்பை அறுக்கும் பாதுகாப்புக் கொக்கியும் இடுப்புப் பட்டையில் உண்டு.

பட்டம் காற்றடிக்கும் திசையில்தானே இழுக்கும், அப்படியானால் புறப்பட்ட இடத்துக்குத் திரும்புவது எப்படி என்று கேட்கத் தோன்றும். ஈரமான புளியங்கொட்டையை இரண்டு விரல்களுக்கிடையே வைத்து அழுத்திப் பாருங்கள். விரல்கள் பக்கவாட்டில் அழுத்துகின்றன. கொட்டையோ முன்னோக்கிப் பாய்கிறது. இங்கே ஒரு விரல் பட்டத்தின் இழுப்பு. இன்னொரு விரல், பலகையின் விளிம்பு நீரைக் கீறி நிற்கும்போது நீர் தரும் எதிர்ப்பு. இரண்டுக்கும் இடையில் சிக்கிய பலகை குறுக்கே ஓடுகிறது. விளிம்பை இன்னும் ஆழ அழுத்தினால் காற்று வரும் திசையை நோக்கிச் சற்றுச் சாய்வாகக்கூட ஏறிச் செல்லலாம். பாய்மரப் படகின் தத்துவமும் இதுவேதான்.

காற்றின் கடிகாரம்

தென்னாப்பிரிக்காவுக்குக் கோடை என்பது நமக்குப் பனிக்காலமான மாதங்கள். அக்டோபரிலிருந்து மார்ச் வரை தென் அட்லாண்டிக் கடல்மேல் உள்ள உயர் அழுத்த மண்டலம் தெற்கே நகர்ந்து நிற்கிறது. உள்நாட்டில் நிலம் சூடேறி அழுத்தம் குறைகிறது. இந்த வேற்றுமையால் கரையோரமாகத் தெற்கிலிருந்தும் தென்கிழக்கிலிருந்தும் காற்று வீசுகிறது. நம் தென்கடல் மீனவர்கள் வாடை, கொண்டல், சோழகம், கச்சான் என்று திசைவாரியாகக் காற்றுக்குப் பெயரிட்டிருப்பதுபோல, கேப் டவுன் மக்கள் தங்கள் தென்கிழக்குக் காற்றை 'கேப் டாக்டர்' என்பார்கள். நகரத்தின் மாசையெல்லாம் அடித்துச் சென்று விடுவதால் வைத்தியர் பட்டம்!

இந்தக் காற்று தன்னைத் தானே வளர்த்துக் கொள்ளும் விதம் சுவையானது. அது கரையோரமாக வடக்கு நோக்கி வீசும்போது கடலின் மேல்நீரையும் தள்ளுகிறது. பூமி சுழல்வதால் தென் அரைக்கோளத்தில் அந்த நீர் இடப்புறம் விலகுகிறது. இங்கே இடப்புறம் என்பது மேற்கு, அதாவது கரையை விட்டு வெளியே. மேல்நீர் விலகிய இடத்தை நிரப்ப ஆழத்திலிருந்து குளிர்ந்த நீர் எழும்பி வருகிறது. கோடையின் நடுவில்கூடத் திறந்த கடலோரம் நீர் 10 முதல் 14 டிகிரி செல்சியஸ் அளவில்தான் இருக்கும். நிலமோ வெயிலில் காய்கிறது. கடலுக்கும் நிலத்துக்கும் வெப்ப வேற்றுமை பெருகப் பெருகக் கடற்காற்று வலுக்கிறது. காற்று குளிர்நீரை எழுப்புகிறது. குளிர்நீர் காற்றுக்குப் பலம் சேர்க்கிறது.

ஆகவே இங்கே காற்று சூரியனின் கடிகாரப்படி நடக்கிறது. காலையில் அது மெலிந்திருக்கும். சில நாட்களில் தென்கிழக்கிலிருந்து, அதாவது ஊர்ப்புறத்திலிருந்து காயலை நோக்கி வீசும். நண்பகலுக்குப் பின் கடற்காற்று சேர்ந்து தெற்கு, தென்மேற்கு என்று திரும்பி வலுக்கும். மூன்று, நான்கு மணிக்கு உச்சம். பொழுது சாயும்போது தளர்ந்துவிடும். திசை மாற்றத்தையும் கவனிக்க வேண்டும். கீழ்க்கரையில் நிற்பவருக்குத் தென்கிழக்குக் காற்று முதுகுப்புறத்திலிருந்து வருவது. ஏதேனும் முறிந்தால் அவரை அக்கரைக்குத் தள்ளிக்கொண்டு போகும். தென்மேற்குக் காற்று அவரைத் தான் புறப்பட்ட கரைக்கே கொண்டுவந்து சேர்க்கும். கற்றுக் கொடுப்பவர்கள் முதல் பாடத்தைப் பிற்பகலில் வைப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

சந்திரனின் கடிகாரம்

தண்ணீருக்கு வருவோம். ஓதத்தைப் பெரும்பாலும் நடத்துவது சந்திரன். சந்திரன் ஓர் இடத்தின் உச்சிக்கு மறுபடி வர 24 மணி 50 நிமிடம் ஆகிறது. அந்தக் காலத்துக்குள் நீர் இரண்டு முறை ஏறி இரண்டு முறை இறங்குகிறது. இன்று பிற்பகல் 3 மணிக்கு நீர் நிறைந்திருந்தால் நாளை ஏறக்குறைய 3-50-க்கு நிறையும். காற்றோ நாளையும் 3 மணிக்கே உச்சத்தில் இருக்கும். இரண்டு கடிகாரங்களும் நாள்தோறும் 50 நிமிடம் விலகிக் கொண்டே போகின்றன. சென்ற ஞாயிற்றுக்கிழமை அருமையாக இருந்த இடம் இந்த ஞாயிற்றுக்கிழமை முற்றிலும் வேறாக இருப்பதன் மர்மம் இதுதான்.

அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் சூரியனும் சந்திரனும் ஒரே கோட்டில் நின்று இழுப்பதால் ஏற்ற இறக்கம் மிகுதியாக இருக்கும். இதைப் பேரோதம் என்போம். அரைச் சந்திரன் காணும் அட்டமி நாட்களை ஒட்டி இரண்டும் செங்கோணத்தில் நிற்பதால் ஏற்ற இறக்கம் குறையும். இது சிற்றோதம். லாங்கபான் பகுதியில் பேரோதத்தின்போது நீர்மட்டம் சுமார் ஒன்றரை மீட்டர் ஏறி இறங்குகிறது. சிற்றோதத்தின்போது அரை மீட்டரைச் சற்றே தாண்டும். சராசரி ஆழமே ஓரிரு மீட்டராக உள்ள இடத்தில் ஒன்றரை மீட்டர் என்பது எவ்வளவு பெரிய மாற்றம்!

பாடநூல்களில் அதிகம் காணாத ஓர் உண்மையை இங்கே சொல்ல வேண்டும். ஒரு குறிப்பிட்ட கடற்கரையில் பேரோத நாட்களில் நீர் நிறையும் நேரம் ஆண்டு முழுவதும் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும். காரணம் எளியது. அமாவாசையன்று சந்திரன் சூரியனோடு சேர்ந்து நண்பகலில் உச்சிக்கு வருகிறது. பௌர்ணமியன்று நள்ளிரவில் வருகிறது. சந்திரன் உச்சி கடந்து எத்தனை மணி நேரம் கழித்து நீர் நிறையும் என்பது அந்தந்தக் கரையின் அமைப்பைப் பொறுத்து அநேகமாக நிலையானது. ஆகவே பேரோத நாளின் உயர் ஓதம் கடிகாரத்தில் ஒரே இடத்தில் வந்து விழுகிறது. கேப் டவுன், சல்டானா கரையில் அது மூன்று, நான்கு மணியளவில் வருகிறது. அதிகாலையில் ஒன்று; பிற்பகலில் ஒன்று. தாழ் ஓதம் முற்பகல் ஒன்பது, பத்து மணிக்கும் இரவு ஒன்பது, பத்து மணிக்கும் வரும். சிற்றோத நாட்களில் இந்த நேரங்கள் தலைகீழாகி, பிற்பகல் மூன்று, நான்கு மணிக்கு நீர் வற்றி நிற்கும்.

இப்போது இரண்டு கடிகாரங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். காற்று உச்சத்தில் இருக்கும் பிற்பகலில், பேரோத நாளாக இருந்தால் காயல் நிரம்பி வழிகிறது. சிற்றோத நாளாக இருந்தால் நீர் வற்றியிருக்கிறது. ஆனால் சிற்றோதம் ஆகையால் மிகவும் வற்றிவிடுவதில்லை. மணல் திட்டுகள் அடியோடு தலைகாட்டும் மிகப் பெரிய வற்றலோ காற்றில்லாத காலையிலும் இரவிலும் வந்து போய்விடுகிறது. லாங்கபான் இந்த விளையாட்டில் பேர் வாங்கியதற்குக் காற்றை மட்டும் காரணம் சொல்பவர்கள் இந்தப் பொருத்தத்தை மறந்துவிடுகிறார்கள் என்றே எனக்குத் தோன்றுகிறது. மேற்கூறிய நேரங்கள் காயலின் வாயிலுக்கு உரியவை. ஆழமற்ற நீரில் ஓதம் மெதுவாகத்தான் நகரும். 2 மீட்டர் ஆழத்தில் அதன் வேகம் நொடிக்கு சுமார் 4.4 மீட்டர். 15 கிலோமீட்டர் தள்ளியுள்ள தென்கோடிக்கு அது போய்ச் சேரக் கணக்குப்படி ஏறக்குறைய ஒரு மணி நேரமாகும்.

மிருதுவான நீரை நம்பலாமா?

காயலின் வாய் வடக்கே இருக்கிறது. ஏறுநீர் வடக்கிலிருந்து தெற்கே வருகிறது. வடிநீர் தெற்கிலிருந்து வடக்கே போகிறது. கோடைக் காற்று தெற்கிலிருந்து வடக்கே வீசுகிறது. இந்த மூன்று திசைகளையும் ஒரு தாளில் அம்புக்குறியாகப் போட்டுப் பார்த்தால் விஷயம் விளங்கிவிடும்.

ஏறுநீரின்போது காற்றும் நீரும் ஒன்றையொன்று எதிர்த்து வருகின்றன. சிற்றலைகள் குறுகி, செங்குத்தாக நிமிர்ந்து, பலகையைத் தடதடவென்று ஆட்டும். புதியவர்களுக்கு இது பிடிப்பதில்லை. ஆனால் அந்த நீரோட்டம் சவாரிக்காரரைக் காற்று வரும் திசைக்கு, அதாவது தெற்கே, தானாகவே ஏற்றிச் செல்கிறது. புறப்பட்ட இடத்துக்குத் திரும்ப வருவது எளிதாகிறது.

வடிநீரின்போது காற்றும் நீரும் ஒரே திசையில் ஓடுகின்றன. அலைகள் நீண்டு தணிந்து, நீர் பட்டுத்துணி விரித்ததுபோல் மிருதுவாகிவிடும். பார்ப்பவர்கள் இதுவே நல்ல நேரம் என்பார்கள். உண்மையில் கவனம் தேவைப்படும் நேரம் இதுதான். காற்றும் தள்ளுகிறது, நீரும் தள்ளுகிறது. இரண்டும் ஆழமான கால்வாயை நோக்கி, வாயிலை நோக்கி. நொடிக்கு அரை மீட்டர் நீரோட்டம் என்பது நடப்பதைவிட மெதுவான வேகம்தான். இருந்தாலும் கயிறு சிக்கிய ஒருவர் அதைப் பிரிக்க நாற்பது நிமிடம் எடுத்துக் கொண்டால், அதற்குள் 1.2 கிலோமீட்டர் நகர்ந்திருப்பார். இடுப்பளவு நீரில் தொடங்கிய வேலை நிலைகொள்ளாத நீரில் முடியும்.

பேரோத நாளின் மாலையை எண்ணிப் பாருங்கள். நான்கு மணிக்கு நீர் நிறைந்து, பிறகு வடியத் தொடங்குகிறது. ஓதத்தின் வேகம் நடுக்கட்டத்தில்தான் அதிகம். ஆகவே ஏழு மணிவாக்கில் நீரோட்டம் உச்சம் பெறுகிறது. டிசம்பர், ஜனவரியில் அங்கே சூரியன் மறைய எட்டு மணியாகும். வெளிச்சம் இருக்கிறது, நீர் மிருதுவாக இருக்கிறது, இன்னும் ஒரு சுற்றுப் போகலாம் என்று ஆசை வருகிறது. அதே வேளையில் காற்று தளர்கிறது. பட்டம் தொய்ந்து நீரில் விழுந்தால் மறுபடி எழுப்பக் காற்றில்லை. வடிநீர் மட்டும் நிற்காமல் இழுத்துப் போகிறது. ஷார்க் பே போன்ற கரையோர வளைவில் நீரோட்டம் குறைவு. நடுக்காயலுக்குப் போகப் போக அது கூடும். எனவே மாலையில் கரையை ஒட்டி, புறப்பட்ட இடத்துக்குத் தெற்கே இருந்து கொண்டு ஓட்டுவதே விவேகமானது. காற்று விட்டுவிட்டாலும் திரும்பி நடந்து வந்து சேரலாம்.

ஏறுநீரா வடிநீரா என்று அறிய அட்டவணை கையில் இல்லையென்றால்? நங்கூரமிட்ட படகுகள் ஓரளவு சொல்லும். காற்றும் நீரும் எதிர்த்து நிற்கும்போது அவை காற்றுக்கு முகம் காட்டாமல் கோணலாகத் திரும்பி நிற்கும். கோடை நாளில் காலும் சொல்லும். வெளிக்கடலின் குளிர்நீர் உள்ளே வந்தால் கணுக்கால் சிலிர்க்கும். தென்கோடியின் ஆழமற்ற பரப்பில் வெயில் குடித்து 20 டிகிரிக்கு மேல் சூடேறிய நீர் வெளியே போகும்போது வெதுவெதுப்பாக இருக்கும். குளிர்ந்தால் ஏறுநீர், வெதுவெதுத்தால் வடிநீர்.

ஆழம் குறைந்தால் ஆபத்தும் குறையுமா?

மூழ்கும் ஆபத்து குறைகிறது. மோதும் ஆபத்து கூடுகிறது. தேர்ந்த சவாரிக்காரர்கள் பட்டத்தின் உதவியால் பல மீட்டர் உயரம் துள்ளுவார்கள். பட்டம் தாங்காமல் 3 மீட்டர் உயரத்திலிருந்து ஒருவர் விழுந்தால் நீரைத் தொடும்போது வேகம் மணிக்கு 28 கிலோமீட்டர். இரண்டு மீட்டர் ஆழம் இருந்தால் நீர் அந்த வேகத்தைத் தாங்கிக் கொள்ளும். முழங்கால் ஆழத்தில் மணல்தான் தாங்க வேண்டும். கணுக்கால், முழங்கால், கழுத்து ஆகியவற்றுக்கு அது நல்லதல்ல. ஆகவே கற்பவர்களுக்கு ஏற்ற தாழ் ஓத நேரம், துள்ளுபவர்களுக்கு ஏற்றதல்ல.

பலகையின் வகையும் நேரத்தைத் தீர்மானிக்கிறது. சாதாரணப் பலகையின் அடியில் உள்ள சிறு துடுப்புகள் சில சென்டிமீட்டர் நீளமே உள்ளவை. முழங்கால் நீரில் தாராளமாக ஓடும். ஒலிம்பிக்கில் கண்ட பலகைகள் வேறு. அவற்றின் அடியில் ஏறக்குறைய ஒரு மீட்டர் நீளமுள்ள தண்டும், அதன் முனையில் நீருக்குள் பறக்கும் சிறகும் உண்டு. வேகம் பிடித்ததும் பலகை நீரை விட்டு முற்றிலும் மேலெழுந்துவிடும். ஆழம் குறைந்த இடத்தில் அந்தச் சிறகு மணலில் குத்தினால் பலகை நின்றுவிடும்; மனிதர் நிற்க மாட்டார்.

இன்னொரு பக்கம், ஆழமின்மை தரும் பாதுகாப்பு உண்மையானதும்கூட. கரையில் வைத்துப் பட்டத்தை எழுப்பினால் வீடு, வேலி, பார்வையாளர்கள் எல்லாம் கயிற்றின் எல்லைக்குள் இருக்கும். இங்கே நூறு மீட்டர் உள்ளே நடந்து போய், சுற்றிலும் நீர் மட்டும் இருக்கும் இடத்தில் நின்று பட்டத்தைப் பழகலாம். இழுத்துச் சென்றாலும் மோத எதுவும் இல்லை.

அதே மாதங்களில் வரும் வேறு விருந்தாளிகள்

காயல் வற்றும்போது வெளியே தெரியும் சேற்று மணலில் புழுக்களும் சிறு சிப்பிகளும் கணக்கின்றி உள்ளன. அவற்றைத் தேடிச் செப்டம்பர், அக்டோபரில் பல்லாயிரக்கணக்கான கரைப்பறவைகள் வருகின்றன. அவற்றுள் மிகுதியானது வளைந்த அலகுடைய ஓர் உள்ளான் இனம். சைபீரியாவின் வடகோடியில் குஞ்சு பொரித்து, 12,000 கிலோமீட்டருக்கு மேல் பறந்து இங்கே வருகிறது. இதே இனத்தை நம் கோடியக்கரையிலும் அதே பருவத்தில் காணலாம்.

வற்று நேரம் பறவைகளுக்குச் சாப்பாட்டு நேரம். நீர் ஏறியதும் அவை கரையோர உப்புச் சதுப்புகளில் நெருக்கியடித்து நின்று ஓய்வெடுக்கின்றன. பட்டம் பறப்பது அந்த நேரத்தில்தான். தலைக்குமேல் அசையும் பெரிய உருவத்தை அவை பருந்தாக எண்ணுகின்றன போலும். கூட்டமாக எழும்பி விடுகின்றன. ஏப்ரலில் வடக்கே திரும்புவதற்கு முன் உடலில் கொழுப்பைச் சேர்த்தாக வேண்டிய பறவை, எழும்பும் ஒவ்வொரு முறையும் அதைச் செலவழிக்கிறது.

1985-ல் இந்தப் பகுதி தேசியப் பூங்காவாக்கப்பட்டது. 1988-ல் ராம்சர் உடன்படிக்கையின்கீழ் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாகச் சேர்க்கப்பட்டது. காயலை மூன்று மண்டலங்களாகப் பிரித்திருக்கிறார்கள். ஊரை ஒட்டிய வடபகுதியில் விசைப்படகு உட்பட எல்லாவற்றுக்கும் இடமுண்டு. நடுப்பகுதியில் விசைப்படகுகள் இயங்கக் கூடாது. பறவைகள் பெருமளவில் மேயும் தென்பகுதி முழுவதும் அவற்றுக்கே விடப்பட்டிருக்கிறது. அங்கே பட்டத்துக்கும் படகுக்கும் அனுமதியில்லை.